ஐம்பத்தெட்டாம் நாள்

பாயான் லெப்பாஸ் ஆலையில் என் வேலை
சில்லின் முதுகில் லேசர் பொறித்ததை
நுண்ணோக்கியில் வாசிப்பது.
பதினோரு எழுத்து. பத்தும் சரியாக இருந்து
கடைசியில் ஒரு கால் தேய்ந்திருந்தால்
சிவப்புத் தட்டு.
ஒன்பது வருடமாக
எதையும் வால் பக்கமிருந்தே படிக்கிறேன்:
பேருந்துப் பலகையை, மருந்துச் சீட்டை, மனிதர்களை.

பிள்ளைக்குப் பெயர் தேடியதும்
அங்கிருந்துதான்.

நாத்தனார் கோகிலவாணி
பட்டர்வொர்த்தில் எண்கணிதம் பார்த்து வந்தாள்.
ஷ்-இல் முடிந்தால் சொந்த வீடு, வெளிநாடு.
தர்வினேஷ், லவ்னீஷ், கிருத்திஷ்
என்று ஒரு பக்கம் முழுக்க.
உரக்க வாசித்துப் பார்த்தேன்.
ஒவ்வொரு பெயரும் முடியும் இடத்தில்
யாரோ உதட்டில் விரல் வைக்கிறார்கள்.
ஷ்.
அழுவதற்கென்றே வந்த பிள்ளையை
அழைக்கும்போதே அடக்குவானேன்?

அவருக்கு ன் வேண்டும்.
"எங்க வீட்டுல எல்லாருமே ன்."
தாத்தா சடையன், அப்பா அங்கப்பன்,
இவர் இளஞ்செழியன்.
ஒரே சாவிக்குத் திறக்கும் மூன்று பூட்டு.

நான் என் அடையாள அட்டையை எடுத்து வைத்தேன்.
என் பெயருக்குப் பின்னால் மூக்கன்.
துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை எண்ணியவர்.
அவரைவிட வயதில் இளைய கிராணிகளுக்கெல்லாம்
மூக்கன் வந்தான், மூக்கன் போனான்,
மூக்கன் எங்கே தொலைஞ்சான்.
பெயரே ன் போட்டுக் கொடுத்துவிட்டால்
வினைச்சொல் பாவம் என்ன செய்யும்?

ர் வைப்போம் என்றேன்.
வந்தார். இருந்தார். சொன்னார்.
சம்பளச் சீட்டு தராத மரியாதையை
இலக்கணமாவது தரட்டும்.

"தயிர்," என்றார் அவர்.
"பயிர். ரப்பர். லாரி டிரைவர்."
நான் முறைப்பதற்குள்
இன்னொன்றையும் சொன்னார்,
அந்த முடி சமாச்சாரம்.
பிள்ளைக்கு அது தலை நிறைய இருந்ததால்
நானும் சிரித்துவிட்டேன்.
தையல் போட்ட இடம் வலித்தது.

துளிர் என்று முடிவானது
விடியற்காலை இரண்டு மணிக்கு.
அவர் சம்மதித்தாரா, தூக்கத்தில் தலையாட்டினாரா,
இன்னும் தெரியாது.

இன்று ஐம்பத்தெட்டாம் நாள். கெடு அறுபது.
பதிவு அலுவலகத்தில் பாதி நாள் காத்திருந்தோம்.
முகப்பில் புவான் சல்மியா, பாலிக் பூலாவ்காரர்.
படிவத்தைப் பார்த்து
வாய்க்குள் ஒருமுறை உருட்டினார்.
"துளியாக்?"

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.
இந்தத் தீவில் ஆயேர் என்றால் ஆயாக்,
பெசார் என்றால் பெசாக்.
கடைசி ர்-ஐ எல்லாரும் தொண்டைக்குள் இறக்கிவிடுகிறார்கள்.
நானும்தான், மீன் வாங்கும்போது.
இரண்டு மாதம் தேடிய மரியாதை
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவதற்குள் காணோம்.

"பெத்தோல்?" என்று கேட்டார். சரியா?
செழியன் என்னைப் பார்த்தார்.
நாளைக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டி,
ஊசி போடும் தாதி, பள்ளி வேன் ஓட்டுபவர்
எல்லாருக்கும் இவன் துளியாக்.
இவன்.
பாருங்கள், நானே ன் போட்டுவிட்டேன்.

பெத்தோல் என்றேன்.

அச்சுப்பொறி சூடாகத் தள்ளியது.
பழக்கம்; வாலிலிருந்து பார்த்தேன்.
ரோமன் எழுத்தில், பெயரின் கடைசியில் ஆர்.
இரண்டு காலும் முழுசு.
பச்சைத் தட்டு.

ஆர்?
துணிக்குள் குனிந்து கேட்டேன்,
கதவைத் திறக்காமலே எங்கள் அப்பா கேட்பாரே, அப்படி.
அவன்
ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.